அடக்கமான பிள்ளை

அக்பெனேவுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விடியும் முன்பே ட்ரோட்ரோ வேனில் இடம் பிடித்து, மகன் எலிக்கெம்மோடு அக்ராவுக்கு வந்தவள். பையன் வகுப்பில் பேசுவதே இல்லை, பேச்சுப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் அடுத்த வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பேசுகிறவன்தான் என்று இவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

இந்த ஆஸ்பத்திரியில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். திரையில் வரும் படங்களுக்குப் பிள்ளை பெயர் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மார்க் போட்டு, ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரே எழுதிவிடும்.

எலிக்கெம்மின் ரிப்போர்ட் பிரிண்டரிலிருந்து வந்ததை அக்பெனே கண்ணாலேயே பார்த்தாள். பேச்சுப் பயிற்சி தரும் டெலா மேடம் அதை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். பையனை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிட்டு, இவளைக் காத்திருக்கச் சொன்னாள்.

கையில் ஏதாவது வைத்தால்தான் கிடைக்கும் போலிருக்கிறது. அக்பெனேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்மணி, எலிக்கெம்மைப் போல இத்தனை அடக்கமான பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று மெச்சினாள். இன்றைய பொழுதுக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம்.

பொறுத்தது போதும் என்று உள்ளே போனாள்.

"எங்க ரிப்போர்ட்ட எதுக்கு மேடம் பூட்டி வெச்சிருக்கீங்க? பெரிய டாக்டர்கிட்டயே போய்க் கேக்கட்டுமா?"

டெலா டிராயரைத் திறந்து காகிதத்தை நீட்டினாள். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா முதல்ல படிச்சிருங்க."

ஒரு படத்துக்குக்கூடப் பதில் இல்லை. பேச்சு வரவில்லை, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்தது.

"மெஷின் காதுல விழுந்ததத்தான் எழுதும், எலிக்கெம் அம்மா. இத அப்பவே கொடுத்திருந்தா என் வேலையும் முடிஞ்சிருக்கும், பையன் படிப்பும் முடிஞ்சிருக்கும்." டெலா ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "அங்க பாருங்க."

வேப்பமரத்தடியில் நாலைந்து பிள்ளைகளுக்கு நடுவே எலிக்கெம் நின்றிருந்தான். டெலாவின் போனை மைக் போலப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் கால்பந்து வர்ணனை செய்துகொண்டிருந்தான். போன் அத்தனையையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து வேறு ரிப்போர்ட் எடுக்கத்தான் இவ்வளவு நேரமும் டெலா காத்திருந்தாளாம்.

"இவ்வளவு பேசுற பிள்ளை எங்கிட்ட மட்டும் ஏன் வாயத் திறக்கலன்னுதான் புரியல" என்றாள் டெலா.

அக்பெனே வெளியே ஓடினாள். டெலாவும் பின்னாலேயே போனாள். இருவரையும் பார்த்ததும் எலிக்கெம் கோல் விழுவதற்குள் வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட? பேசுடா கண்ணா."

அவன் டெலாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அம்மாவின் காதில் கிசுகிசுத்தான்.

"பெரியவங்க முன்னால வாயத் திறந்தா தோல உரிச்சிடுவேன்னு நீதானம்மா சொல்லியிருக்க?"