என் காதுல விழக்கூடாது

"இதெல்லாம் ஒரு பாட்டா டீச்சர்? தகர டப்பாவை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி! ஆட்டோ எந்தக் கடையைத் தாண்டினாலும் இதையே அலற விடுறான்!"

பிசியோ சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

முட்டிவலிக்கு வந்திருந்த ரிட்டயர்டு டீச்சர் ஒத்து ஊதினார். "ஒரு வார்த்தை புரியுதா? நம்ம காலத்துப் பாட்டு நெஞ்சுல வந்து உட்காரும். இது மண்டையில ஏறி மிதிக்குது."

"நடுநடுவுல சல்லு சல்லுன்னு எவனோ கரண்டியைக் குலுக்குறான். கேட்டா மியூசிக்காம்!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முதல்ல உங்க காலை அசைங்க, அப்புறம் பாட்டை அசைக்கலாம்" என்றாள் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கின் மனைவி.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடதுகால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் தம்பி வீட்டு முன்ரூமில் ஒண்டியிருந்தார்கள். தம்பியும் நேற்று வாயைத் திறந்துவிட்டான். "எத்தனை நாள்தான் பூட்டி வச்சிருப்பீங்க? மாடி வீட்டைக் காலி பண்ணிடுங்கண்ணே."

அதைக் கேட்டதிலிருந்து மெக்கானிக்குக் கவளம் இறங்கவில்லை. அந்த வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

பிசியோ பொண்ணு அவரை ரெண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்தினாள். "ஐயா, உங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டே போட்டிருக்கேன். மெதுவா இடதுகாலைத் தூக்குங்க."

பாட்டு குழைந்து வந்தது. அவருக்குக் கண் கலங்கியது, உதடு முணுமுணுத்தது. கால் மட்டும் கல்லாட்டம் கிடந்தது.

"முடியலம்மா" என்றார்.

அவள் பாட்டை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து மனைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது.

டம்... தக். டம்... தக். சல்!

அதே பாட்டு!

"அடிப்பாவி!" மெக்கானிக் திரும்பினார். "நான் இவ்வளவு திட்டுறதைக் கேட்டுக்கிட்டே, போன்ல இதையா வச்சிருக்கே?"

"எப்பவும் சத்தத்தை அடக்கித்தான் வைப்பேன். இன்னிக்கு மறந்துட்டேங்க..." அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"எடுக்காதீங்கம்மா!" பிசியோ பொண்ணு கத்தினாள். "அடிக்கட்டும்! ஐயா, கீழே பாருங்க!"

குனிந்து பார்த்தார்.

டம் என்றபோது வலதுகால் ஊன்றியது. தக் என்றபோது இடதுகால் தானாக எழும்பி, முன்னால் போய் விழுந்தது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற குழந்தை மாதிரி.

டம்... தக். இன்னொரு அடி.

டீச்சர் முட்டிவலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

போன் நின்றது. காலும் நின்றது.

"திரும்ப அடிக்கச் சொல்லுங்களேன்!" என்றார் டீச்சர்.

"எடுத்தாத்தானே சொல்ல முடியும்?" என்றாள் மனைவி.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. போன் தானாகவே மறுபடி அடித்தது.

டம்... தக். டம்... தக். சல்!

கம்பியின் கடைசி வரை போய்விட்டார் மெக்கானிக். ஒவ்வொரு அடியும் விழும் முன்பே காலுக்கு அது தெரிந்திருந்தது. மோட்டார் உறுமுவதைக் கேட்டே கோளாறு சொல்கிற காது அவருடையது. அந்தக் காதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது.

"யாருடி போன்ல?"

"நம்ம பையன்தாங்க. நீங்க நடந்தீங்களான்னு தினமும் இந்த நேரத்துக்குக் கேட்பான்."

"பாட்டு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் அவன் போட்டதுதான். 'கம்ப்யூட்டர்ல நீ தட்டுறதெல்லாம் பாட்டுன்னு சொல்லாதே, அது என் காதுல விழக்கூடாது'ன்னு அன்னைக்கு அவனை விரட்டுனீங்களே. ஊரெல்லாம் பாடின பிறகும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

போன் மூணாவது தடவை அடித்தது. மெக்கானிக் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையை நீட்டினார். போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அம்மா? ஏம்மா போனை எடுக்கலே? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அப்பாதான்டா."

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வச்சிடாதே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உன் பாட்டுல டம்முன்னு ஒண்ணு அழுத்தமா விழுது, தக்குன்னு ஒண்ணு லேசா விழுது. அதுகூடச் சல்லுன்னு ஒண்ணு வருதே, அது என்னடா?"



"உங்க ஸ்பானர் போட்ட பைதான்ப்பா. வலது தோள்ல மாட்டியிருப்பீங்களே. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் நான் தூங்காம முழிச்சுக்கிடப்பேன். அது நீங்க வேலை முடிஞ்சு நம்ம மாடிப்படி ஏறி வர்ற சத்தம்ப்பா."