இடது கை தூக்கிய பிள்ளை

காத்தாயி கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்பே கையைத் தூக்கிவிட்டது.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு?

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் அமிர்தலிங்கம், பயிற்சி டீச்சர்களின் பாடத்துக்கு மார்க்கு போடத் திருச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து சேர்ந்தவர். இத்தனை கைகளை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் கைகளின் சூட்சுமம் காத்தாயிக்குத் தெரியும்.

பயிற்சி மாணவிகள் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிற வித்தை அது. பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பார்க்கிறவர் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். டீச்சர் மட்டும் வலது கையாகப் பார்த்து எழுப்பிக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். என்ன செய்ய, மார்க்கு வேண்டுமே!

காத்தாயிக்கு அந்த மார்க்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும். இன்றைக்குத் தேறினால் டீச்சர் வேலைக்குப் பதிந்துவைக்கலாம். தவறினால் பழையபடி ரெட்டிபாளையத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போக வேண்டியதுதான். அந்த வெயிலில் கிடந்துவிட்டுப் படிக்க வந்தவள் அவள். பயிற்சிப் பள்ளி விடுதியில் எல்லாரையும்விட மூத்தவள். சின்னப் பெண்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நேற்று சாப்பிடும்போதுகூட, உடன் படிக்கிற ஜானகி அக்கறையாகத்தான் சொன்னாள். "மூணாவது வரிசை ரெங்கம்மா பக்கம் மட்டும் திரும்பிடாதீங்கக்கா. நல்லா இருக்கிற பாடத்தையே கவுத்துப்புடுவா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காத்தாயி தலையை மட்டும் ஆட்டினாள். மிச்சச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டாள்.

மூன்றாவது வரிசையில் ரெங்கம்மாள் இப்போதும் இடது கையைத்தான் தூக்கியிருந்தாள். பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை. பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். காத்தாயியும் இத்தனை நாள் தாண்டித்தான் போனாள்.

நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்கிற நிம்மதி அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்தது.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் காத்தாயிக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. பிள்ளைமேல் இல்லை, தன்மேலேயே.

"ரெங்கம்மா, நீ வா."

அடுத்துப் பாடம் நடத்த வேண்டிய ஜானகி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே இந்த அக்கா என்று அவளுக்குப் பதறியது.

ரெங்கம்மாள் வந்து சாக்பீஸை வாங்கி, முப்பத்தைந்து என்று எழுதினாள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைப் போக்கிவிட்டாள்.

வகுப்பு கெக்கலித்தது.

பாடக்குறிப்பில் அடுத்து இருந்தது தொகுத்துச் சொல்வது. காத்தாயி குறிப்பை மேசையில் கவிழ்த்துவைத்தாள். பத்துப் பத்தாகக் கட்டிவைத்திருந்த ஈர்க்குச்சிக் கட்டுகளில் ஐந்தைப் பிள்ளைமுன் வைத்தாள். உதிரியாக இரண்டு குச்சியைக் கையில் கொடுத்தாள். அதிலிருந்து ஏழு எடுத்துத் தரச் சொன்னாள்.

ரெங்கம்மாள் இரண்டு குச்சியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

அமிர்தலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதினார். காத்தாயி அதைக் கவனித்தாள். கட்டை அவளே அவிழ்த்துக் கொடுத்துவிட்டால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். போகிற மார்க்கு போகட்டும், இந்தக் கட்டை இந்தப் பிள்ளைதான் அவிழ்க்க வேண்டும்.

ரெங்கம்மாள் மெதுவாக ஒரு கட்டை எடுத்தாள். நூல் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். குச்சிகள் மேசையெல்லாம் சிதறின.

எல்லாவற்றையும் கூட்டி அள்ளி எண்ணினாள். பன்னிரண்டு. ஏழைத் தள்ளிவைத்தாள், ஐந்து நின்றது. மிச்சமிருந்த நாலு கட்டில் இரண்டைத் தள்ளினாள். யாரும் சொல்லாமலே பலகைக்குப் போய்ப் பழைய விடையை உள்ளங்கையால் அழித்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதினாள்.

எழுதிவிட்டு, சுண்ணாம்புக் கையைக் காத்தாயியின் முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். துடைத்த முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு அவள் இடுப்போடு ஒட்டி நின்றாள்.

டீச்சர் சேலையைத் தொடுகிற பிள்ளையை அங்கே யாரும் பார்த்ததில்லை.

அமிர்தலிங்கம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "எல்லாப் பிள்ளைங்களும் உங்ககிட்ட இப்படித்தான் ஒட்டிக்குமாம்மா?"

ஆமாங்க சார் என்று சொன்னால் போதும். போன மார்க்கும் திரும்பி வந்துவிடும். ஜானகி ஜன்னலிலிருந்து தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள்.

"இல்லைங்க சார். யார்கிட்டயும் சொன்னதில்லை, இவ எம் பொண்ணு. அவங்க அப்பா விட்டுட்டுப் போனதுலேருந்து எங்கக்கா வூட்டுல இருக்கா, நான் ஹாஸ்டல்ல இருக்கேன். கூட நின்னு சொல்லிக்குடுக்க இன்னைக்குத்தாங்க சார் நேரம் கெடச்சுது."

சொல்லிவிட்டு, முந்தானையைப் பிடித்திருந்த கையை விலக்காமலே, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள்.