படுத்த வாக்கில்

"அம்மா, அது தூங்குதா?"

தம்பி வயிற்றில் இருந்தபோது, ஸ்கேன் திரையைப் பார்த்து ஆறு வயது மகள் கேட்டது.

பதினோரு வருடம் கழித்து அது அம்மாவுக்கு நினைவு வந்தது. இன்று திரையில் இருந்தது அவள் மார்பில் தட்டுப்பட்ட கட்டி.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அவசரமான ஒன்று இருந்தது.

வரும் வழியில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் குடித்தாள், அடக்கினாள்.

"மார்புக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றார் டாக்டரம்மா.

"ஸ்கேன்னா குடிக்கணும்ல?"

டாக்டரம்மா சிரித்தார். கையிலிருந்த கருவி குலுங்கியது. திரையில் கட்டியும் குலுங்கியது.

முட்டை வடிவம். வழுவழுப்பான ஓரம்.

"படுத்த வாக்குல இருக்கு பாருங்க. நல்ல கட்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனா படம் மட்டும் போதாது. ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துரலாம்."

அவள் முருகனை வேண்டினாள். முதலில் கழிப்பறைக்காக. பிறகு கட்டிக்காக.

உள்ளே வருமுன் அவள் நெளிவதைப் பார்த்து, காத்திருந்த ஒரு பச்சைச் சேலைக்காரிதான் தன் டோக்கனை மாற்றித் தந்திருந்தாள்.

"நீங்க போங்கக்கா. நான் மெல்லப் போறேன்."

ஸ்கேனும் ஊசியும் முடிந்து வெளியே வந்தவள் அந்தப் பச்சைச் சேலைக்காரியையும் தாண்டிக் கழிப்பறைக்கு ஓடினாள். நன்றி சொல்லவில்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். டோக்கன் நான்கு.

மடியில் சதைப் பரிசோதனை முடிவு, ஒட்டிய உறையில். பிரிக்கத் தைரியமில்லை. டாக்டரம்மா பிரிக்கட்டும். பத்து நாளாகவே சரியான தூக்கமில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு கர்ப்பிணிப் பெண். டோக்கன் பத்தொன்பது. காலி பாட்டில். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

உட்கார முடியாமல் அந்தப் பெண் எழுந்து வராந்தாவில் நடக்கப் போனாள். இடம் போய்விடாமலிருக்க பாட்டிலை நாற்காலியில் வைத்தாள். அதற்கடியில் டோக்கனை.

இவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

உறையை ஒருமுறை தடவினாள்.

நான்கு அங்கே போனது. பத்தொன்பது இங்கே வந்தது.

நாலாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் டோக்கனைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. ஓடினாள்.

இவள் சுவரிலிருந்த காலண்டர் முருகனையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம்.

டாக்டரம்மா உறையைப் பிரித்தார்.

"படத்துல பார்த்ததேதான் சதையிலயும். சாதாரணக் கட்டி. ஒண்ணும் பயமில்ல."

பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"காலையிலேயே உங்களை வெளியில பார்த்தேனே. ஏன் இவ்வளவு நேரம்?"

"தூங்கிட்டேன் டாக்டர்."