ஓட்டக்காரியின் வலி

“மூணு மாசமாச்சு லதா, இன்னுமா வலிக்குது?”

பிசியோதெரபி அறைக்குள் நுழையும்போதே அய்யாத்துரை கவலைப்பட்டார். மூத்தோர் ஓட்டப் பந்தயங்களில் ஓடுகிற அவர் மனைவி சொர்ணலதாவுக்கு வயது அறுபது. தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் வலி வந்ததிலிருந்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு, காலையில் நடக்க மட்டும் செய்தாள். வழியில் வலி அதிகமானால் என்ன செய்வாள் என்று, போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அய்யாத்துரையும் தினமும் கூடவே நடந்தார்.

“நடந்தா ஒண்ணுமில்லங்க. ஓடுனாத்தான் சுருக்குன்னு இழுக்குது.”

“அடுத்த மாசம் மதுரையில பந்தயம். இவ ஆசையா இருந்தா. நல்லாப் பாரும்மா பிரின்சி.”

கடையிலிருந்து போன் வரவும் அவர் வெளியே போனார்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து அழுத்தச் சொன்னாள் பிசியோதெரபிஸ்ட் பிரின்சி. சொர்ணலதா முகம் சுளிக்காமல் அழுத்தினாள்.

“ஆன்ட்டி, போன மாசமே சரியாயிருச்சு, ஓடுங்கன்னு சொன்னேன்ல? அங்கிள்கிட்ட ஏன் இன்னும் வலின்னு சொல்றீக?”

“மெதுவாப் பேசு தாயி. பத்து வருசமா டாக்டர் நடக்கச் சொல்லியும் அவுக கேக்கல. எனக்குத் துணைன்னதும் விடியுமுன்ன செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறாக. சுகர் முந்நூறுல இருந்து நூத்தம்பதுக்கு எறங்கிருச்சு.”

“அப்ப மதுரைப் பந்தயம்?”

“அது வருசா வருசம் வரும்.”

கதவைத் திறக்குமுன், சொர்ணலதா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.