அங்கீகாரம் இல்லாத குரங்கு

ஒரு காலையில் புளியமரத்துக் குரங்குகள் தங்கள் கிழட்டுத் தலைவனை அடித்துத் துரத்தின. கிளைகள் முறிந்தன, காய்கள் பறந்தன. அந்த மரத்துப் பொந்து ஒன்றில், பக்கத்து வேப்பமரத்தைச் சேர்ந்த அணில் தன் குட்டியோடு குடியிருந்தது.

"கிளியண்ணே, எங்களைக் காப்பாத்துங்க!" என்று அது கத்தியது.

வேப்பமரத்துத் தூதரான கிளி, புளியமரத்துத் தூதரான மைனாவிடம் பறந்துபோனது.

"எங்கள் அணிலை இறக்கிக்கொள்ள அனுமதி வேண்டும்."

"தாராளமாக. யாரிடம் கேட்கிறீர்கள்? பழைய தலைவரிடமா, புதியவரிடமா?"

கிளி யோசித்தது. பழையவர் ஓடிப்போய்விட்டார். புதியவரிடம் கேட்டால் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

"பெயர் சொல்லாமல் கேட்டால்?"

"கொடுக்கலாம். ஆனால் 'காப்பாற்ற' என்று சொல்லக்கூடாது. எங்கள் மரத்தில் ஆபத்து ஏதும் இல்லை."

ஒரு புளியங்காய் மைனாவின் தலையில் விழுந்தது. மைனா சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

இருவரும் வேறு சொல் தேடிக்கொண்டிருந்தபோது, கலகக்காரக் குரங்கு ஒன்று அணிலையும் குட்டியையும் தோளில் சுமந்துவந்து கீழே விட்டது.

"ஓடு தாயி, மேலே இன்னும் சண்டை முடியலை" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிப்போனது.

கிளிக்குக் கோபம் வந்தது. "அந்தக் குரங்கை நாங்கள் இன்னும் அங்கீகரிக்கவில்லை. அது இறக்கிவிட்டது செல்லாது. பேச்சு முடியும்வரை நீ பொந்துக்கே திரும்பிப்போய் இரு, அம்மா."

அப்போது பொந்து இருந்த கிளை மடமடவென்று முறிந்து விழுந்தது.

"இனி எங்கே அண்ணே போய் இருக்கிறது?" என்றது அணில்.

கிளி மைனாவின் பக்கம் திரும்பியது. "அந்தக் கிளை விழுந்ததை உங்கள் தரப்பு ஒப்புக்கொள்கிறதா?"

"எந்தக் கிளை?" என்றது மைனா.