முன்பணம் குடுத்தாச்சு

நிம்மதியின் விலை மாதம் ஒன்பதாயிரம் என்று முடிவாயிற்று. தண்ணீருக்கும் கரண்டுக்கும் தனி.

அதற்கே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பத்திர எழுத்தரின் மேசைக்கு ஒரு பக்கம் வீட்டுக்காரன்; நாற்பது வயது, கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காதவன். மறுபக்கம், அவன் வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுக்கும் அம்மாள். மடியில் துணிப்பை, கையில் கேள்விகள் எழுதிய தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச்செல்லாம் எழுத்தர் வழியாகத்தான் போய் வந்தது.

"வாடகையைக் குடுத்துட்டு இருக்க வேண்டியதுதானே சார்? பத்திரம் போட்டாத்தான் ஆச்சுன்னு இழுத்துட்டு வந்துட்டாங்க" என்றான் அவன்.

"வாடகைன்னு மொதல்ல வாயைத் தொறந்தது யாருன்னு கேளுங்க சார். காசுன்னு வந்துட்டா காகிதமும் வரணும்."

எழுத்தருக்கு இதெல்லாம் பழக்கம். பாதியில் சண்டை போட்டு எழுந்து போனவர்களால் எத்தனையோ தாள் பாழான பிறகு, பேர் விலாசத்தைக் கடைசியில்தான் கேட்பது என்று வைத்திருந்தார். முதலில் நிபந்தனைகள்.

"எத்தனை வருஷம்?"

"ஒண்ணு" என்றான் அவன்.

"பத்து" என்றாள் அம்மாள்.

"பத்தா? பேசாம வீட்டையே எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க!"

"எழுதி வாங்கற பழக்கம் எனக்கில்ல சார்."

எழுத்தர் நடுவில் புகுந்து ஐந்தில் நிறுத்தினார். அம்மாள் தாளில் ஒரு கோடு அடித்தாள்.

"அடுத்தது. மழை பேஞ்சா அந்த ரூம்ல கட்டில் தலைமாட்டுல ஒழுகும். யார் பாக்கறது?"

"வீட்டுக்காரர்தாம்மா." குடிவருவதற்கு முன்பே ஒழுகும் இடம் வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறாளே, பலே ஆசாமி என்று எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

"கதவைத் தட்டாம உள்ள வரலாமா?"

"கூடாது."

"அவர் சம்சாரம்?"

கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தது. "அவளை எதுக்கு சார் இழுக்கறாங்க?"

"அவங்களும் தட்டிட்டுத்தான் வரணும். எழுதிட்டேன்."

"நடுவுல வாடகையை ஏத்தினா?"

"முடியாது."

"வீட்டையே வித்துட்டா?"

"வாங்கினவரும் இதுக்குக் கட்டுப்படணும்னு ஒரு வரி போட்டுடறேன்."

"நீங்க யாருக்கு எழுதறீங்க சார்?" என்று எகிறினான் அவன்.

"ஃபீஸ் அவங்க குடுக்கறாங்க தம்பி."

அம்மாள் தாளின் கடைசி வரிக்கு வந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "வாடகையை ஒழுங்காக் குடுத்துட்டு இருக்கேன்னே வெச்சுக்கோங்க. திடீர்னு ஒருநாள் மூட்டையைக் கட்டுன்னு சொன்னா?"

"வாடகை தவறாத வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"யாராலயும்?"

"யாராலயும்."

வந்ததிலிருந்து நாற்காலி நுனியிலேயே இருந்த அம்மாள் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எழுத்தர் அச்சடித்து எடுத்தார். பேருக்கும் முன்பணத்துக்கும் விட்ட இடம் மட்டும் வெற்றாக இருந்தது. "முன்பணம்?"

"குடுத்தாச்சு" என்றாள் அம்மாள்.

வரிக்கு வரி மல்லுக்கட்டியவன் இதற்கு மட்டும் அவசரப்பட்டான். "எங்க சார் போடணும்? எனக்கு ஆயிரம் வேலை கிடக்குது" என்று பேனாவைப் பிடுங்கி, படித்துப் பார்க்காமலே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான்.

"எவ்வளவுன்னு எழுதணுமேம்மா. ரசீது ஏதாவது இருக்கா?"

துணிப்பையிலிருந்து, மடிப்பெல்லாம் மஞ்சளாகிப்போன ஒரு பழைய பத்திரம் வந்தது. எழுத்தர் பிரித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவருடைய முத்திரையே இருந்தது. விலை இருக்கவேண்டிய இடத்தில் எண் எதுவும் இல்லை. 'அன்பின் பேரில்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"அன்னிக்கு உங்களை ஒரு கேள்விகூடக் கேக்காமக் கையெழுத்துப் போட்டேன் சார். அதான் இன்னிக்குச் சேத்து வெச்சுக் கேட்டுட்டேன்."

எழுத்தர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்பணம்... என்னன்னு எழுதறதும்மா?"

"ஒரு வீடு. குடுத்தது பெத்தவ, வாங்கிக்கிட்டது புள்ள, பாக்கி ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க."