படையலுக்கு முன்

சர்க்கரைப் பொங்கல் செய்முறையை மங்கையர்க்கரசி யூடியூபில் போட்டாள். கேமரா பானையைப் பார்க்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வீடியோ முழுக்க அவள் முகம்தான். நடுவில் கரண்டியை ஊதி நக்கிவிட்டு, அதையே மறுபடி படையல் பொங்கலுக்குள் விடுகிறாள்.

சாமிக்குப் படைக்குமுன் விரல் வைத்துச் சுவைத்தாள் என்று, கல்யாணமான புதிதில் மருமகள் சுகந்தியை உறவினர் முன்னால் பொங்கலைப் பானையோடு கொட்டவைத்தவள் அவள்.

“இத எப்படிம்மா அழிக்கிறது?” போனை மருமகளிடம் நீட்டினாள் மங்கையர்க்கரசி.

சுகந்தி அழித்துக் கொடுத்தாள். “சொந்தக்காரங்க எல்லாம் பாத்துட்டாங்க அத்தை.”

அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுமுன், சுகந்தி ஒரு கரண்டி பொங்கலை ஊதி ஆற்றி நீட்டினாள். “இனிப்பு போதுமான்னு பாத்துச் சொல்லுங்க அத்தை.”

அவள் சிரிக்கிறாளா என்று மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்க்கவில்லை.